விலாசம் போய்ச் சேர்ந்த போன்

பூங்கோதை ஒளிந்திருந்த வீட்டின் விலாசம், காலை பதினோரு மணிக்கு, யாருக்குப் பயந்து ஒளிந்தாளோ அந்தப் புருஷனின் போனுக்கே எஸ்.எம்.எஸ்ஸாகப் போய்விட்டது. அனுப்பியது ரேஷன் கார்டு ஆபீஸ்.

அடி தாங்காமல் மகளோடு ஊர் மாறியவள் அவள். விலாசம் மாற்ற எழுதிக் கொடுத்த அன்றே, "கார்டுல இருக்கற நம்பரையும் எடுத்துடுங்க மேடம், அந்த போன் அவர்கிட்டதான் இருக்கு" என்றும் சொல்லியிருந்தாள். நம்பரை எடுக்க, அந்த நம்பருக்கே ஓ.டி.பி. போகும். அவனிடம் யார் கேட்பது? கம்ப்யூட்டரில் இருந்த ரெஜினா நம்பரைத் தொடாமல் விலாசத்தை மட்டும் மாற்றிவிட்டாள். அந்த ஆபீசில் எல்லோருக்கும் இப்படித்தான் செய்வார்கள். புது விலாசம் செய்தியில் போகும் என்று தெரியும்; யாருக்குப் போகும் என்று அவள் யோசிக்கவில்லை.

"சார், தப்பு நடந்துபோச்சு" என்றாள் ரெஜினா. அவன் ஊரிலிருந்து பூங்கோதை வீட்டுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பூங்கோதையிடம் போன் கிடையாது.

அதிகாரி சம்பந்தம் கிளார்க்கைக் கூப்பிட்டார். "யோவ் தணிகாசலம், செய்தி அனுப்பறதை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆபீசுக்கு லெட்டர் அடி. பதில் வர்றவரைக்கும் வெளியில மூச்சு விடக்கூடாது."

ரெஜினா பதிவில் பழைய விலாசத்தைத் திரும்பப் போட்டாள்.

தணிகாசலம் லெட்டர் அடிக்கவில்லை. பூங்கோதையின் புது விலாசத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு பைக்கை எடுத்தார்.

பூங்கோதை கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "யாருங்க நீங்க? இந்த அட்ரஸ் எப்படிக் கிடைச்சுது?"

"எங்க ஆபீஸ்லருந்துதாம்மா. உங்க வீட்டுக்காரருக்கும் அங்கருந்துதான் போச்சு. கிளம்புங்க."

ஒன்றரை மணிக்கு அவன் வந்தபோது கதவில் பூட்டு தொங்கியது.

ஆனால் லெட்டர் மறுநாள்தான் போனது. அதற்குள் இன்னும் நாலு பெண்களின் விலாசம், அவர்கள் விட்டுவந்த வீட்டு போன்களுக்கே போய்விட்டது.

எல்லோரையும் காக்க லெட்டர் அடிக்கச் சொன்ன சம்பந்தமா, பதிவைத் திருத்திய ரெஜினாவா, ஒருத்தியைக் காக்க ஓடிய தணிகாசலமா? இதில் யார் செய்தது சரி?

விடை: தணிகாசலம். ரெஜினா பதிவைத் திருத்தினாள், சரி. அவன் போனில் இருப்பது அழியுமா? சம்பந்தம் கேட்டது நியாயமான லெட்டர். அதைத் தானே அடித்திருக்கலாம், விரல் இருக்கிறது. அவருக்குப் பூங்கோதையை எச்சரிக்கத் தோன்றவே இல்லை. அந்த நாலு பேர் விஷயத்தில் தணிகாசலத்துக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவரும் சொல்லவில்லை. நாலு வீட்டுக்கும் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அனுமதியில்லாமல் வெளியே போனதற்கு வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடு என்று மெமோ வந்தது. அதை மட்டும் அவர் எழுதிக் கொடுக்கவே இல்லை.