டிரம்மில் மட்டும் ஓடிய மோட்டார்

சிப்பித்துறைக்காரர்களுக்கு அறிவு நிறையவே உண்டு. எடுத்தால் தீர்ந்துபோகுமே என்று யாரும் தொடுவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் லொஞ்சினுக்கு, குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்காத எதிர்த்தீவில் பெண் நிச்சயமாகியிருந்தது. மாமனார் மரியான் கறாராகச் சொல்லிவிட்டார்: "படகுல மோட்டார் ஓடுற சத்தம் என் காதுல விழணும். விழலேன்னா பொண்ணு கிடையாது."

லொஞ்சினிடம் இருந்ததோ பழைய மோட்டார். தன்னைவிட அதற்கு வயதும் கூட, புத்தியும் கூட என்று அவனே சொல்வான். கல்யாணத்தன்று காலையில் அது இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

மெக்கானிக் வந்தார். ஓட்டிப் பார்ப்பதற்காக, கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய டிரம்மின் விளிம்பில் மோட்டாரை மாட்டினார்.

"டேங்கு மூடியில இருக்கிற திருகைத் திறந்து வையுங்க அண்ணாச்சி. காத்து உள்ளே போனாத்தான் பெட்ரோல் வெளியே வரும். குழாயில இருக்கிற ரப்பர் உருண்டையைக் கெட்டியாகுற வரைக்கும் அமுக்குங்க."

லொஞ்சினின் மச்சான் சூசை அமுக்கினான்.

"கெட்டியாயிட்டா, லே?" என்றார் பெரியப்பா மகன் தொம்மை.

"கை கெட்டியாயிட்டு அண்ணே. உருண்டை இன்னும் யோசிக்குது."

ஒருவழியாக மோட்டார் பாடியது. மெக்கானிக் போய்விட்டார். மோட்டாரைப் படகில் மாட்டி, பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையும், கூடவே சூசையும் தொம்மையும் ஏறினார்கள். கரை தாண்டியதும் தொம்மை பாய்ந்து திருகை இறுக்கி மூடினார்.

"என்னண்ணே?" என்றான் சூசை.

"இது உப்புக்காத்து, லே! உள்ளே போனா பெட்ரோல் கரிக்காதா?"

இது தனக்குத் தோன்றவில்லையே என்று லொஞ்சினுக்கு வெட்கமாகிவிட்டது. சற்று தூரத்தில் மோட்டார் இருமி அடங்கியது.

துடுப்புப் போட்டுத் திரும்பினார்கள். டிரம்மில் மாட்டி, திருகைத் திறந்து கயிற்றை இழுத்தால், ஜம்மென்று ஓடியது! மறுபடி கடல், மறுபடி மூடினார்கள், மறுபடி இருமல்.

கரையில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"மோட்டார்ல குறை இல்லை," என்றான் சூசை. "கடல்தான் அதுக்கு ஒத்துக்கலை. டிரம் ஒத்துக்குது."

"அப்போ டிரம்மையும் ஏத்துவோம்," என்றான் லொஞ்சின். வாழ்க்கையில் அவனுக்குத் தோன்றிய முதல் யோசனை அது.

"நல்ல தண்ணி பக்கத்துல இருந்தா உப்புக்காத்து அண்டாது. திருகு திறந்தே கிடக்கட்டும்," என்று தொம்மையும் தலையாட்டினார்.

படகின் நடுவில் டிரம். டிரம்முக்குள் மோட்டார் தடதடவென்று ஓடியது. படகுதான் நகரவில்லை. அதனால் என்ன? ஆளுக்கொரு துடுப்பை எடுத்து வலித்தார்கள்.

தீவில் மரியான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சத்தம் கேட்டது. படகு வந்தது. வேர்த்துக் கொட்டிய மாப்பிள்ளையைப் பார்த்தார், டிரம்மை எட்டிப் பார்த்தார், கண் கலங்கிவிட்டார்.

"ஏ புள்ளே, ஓடி வா!" என்று மகளைக் கூப்பிட்டார். "மோட்டாரை ஓட்டி, படகையும் தள்ளி, உனக்குக் கிணத்தையும் கூட்டிட்டு வந்திருக்காரு!"

பெண் குடத்தோடு வந்தாள்.