நாற்பதில் நிற்காத எண்

ஜவ்வரிசி ஆலையில் உலர்த்தும் பெல்ட் அங்கப்பனின் பொறுப்பு. வயது ஐம்பத்திரண்டு. பெல்ட் மெதுவாக ஓடினால் ஜவ்வரிசி கருகும். வேகமாக ஓடினால் ஈரம் நிற்கும். இரண்டு நாளாகக் கருகுகிறது. இன்றும் கருகினால் பெல்ட்டை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் பெட்டி புதிது. அதைக் கற்றுக்கொடுக்க வந்த பவளக்கொடி அவரைவிட இருபது வயது இளையவர். அங்கப்பனுக்கு அவர் 'டீச்சர்'தான். பெட்டியில் வைக்கும் எண்ணுக்கு ஏற்ப மோட்டாருக்குள் காந்தப்புலம் சுழலும், மோட்டாரின் தண்டு அதன் பின்னால் ஓடும் என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

"பெட்டி பேச்சு மாறுது டீச்சர். நாற்பதுன்னு வச்சா, சுமை ஏறினதும் நாற்பத்தொண்ணுங்குது."

"நீங்க என்ன செஞ்சீங்க அண்ணா?"

எண் தானாக ஏறி இறங்கும் வசதியை இரண்டு நாள் முன்பே அணைத்துவிட்டாராம். இப்போது எண் நாற்பதில் அசையாமல் நிற்கிறது. ஆனாலும் ஏன் கருகுகிறது என்றுதான் புரியவில்லை.

பவளக்கொடி ஒரு நீளக் கயிற்றை எடுத்தார். ஒரு முனை அவர் இடுப்பில். மறுபாதியை அங்கப்பன் ஒரு கையில் லேசாகப் பிடித்தார். மறு கையில் வெறும் தள்ளுவண்டி. இருவரும் களத்தைச் சுற்றினார்கள். மாவு அள்ளும் செல்லக்கிளி சத்தமாக எண்ணினாள். ஒரு சுற்றுக்கு ஐம்பது.

பிறகு வண்டியில் மூன்று ஈர மூட்டைகள் ஏறின. டீச்சர் அதே நடைதான் நடந்தார். கயிறு அங்கப்பனின் உள்ளங்கையில் வழுக்கி ஓடியது. அவர் சுற்றை முடிக்க ஐம்பத்தாறு ஆனது. தாலி கட்டிய அன்றுகூட அண்ணன் இவ்வளவு தூரம் சுற்றவில்லை என்று செல்லக்கிளி சிரித்தாள்.

மூன்றாம் சுற்றில் டீச்சர் நடையைச் சற்றே கூட்டினார். கயிறு அப்போதும் வழுக்கியது. ஆனால் எண்ணிக்கை ஐம்பது.

அங்கப்பன் நேராகப் பெட்டியிடம் போய், அணைத்த வசதியைத் திரும்பப் போட்டார். ஈரச் சுமை ஏறியது. எண் நாற்பத்தொன்றுக்குப் போனது. பெல்ட்டின் கடைசியில் ஜவ்வரிசி வெள்ளையாக விழுந்தது.

ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். நெற்றிச் சுருக்கம் மட்டும் போகவில்லை.

"எப்பவும் கொஞ்சம் பின்னாடியேதான் ஓடுது. இந்த மோட்டாரும் காந்தத்தோட சேர்ந்தே ஓடினா இந்தத் தொல்லை இல்லையே டீச்சர்?"

"முதல் சுத்துல என்னோட சேர்ந்துதானே வந்தீங்க. கயிறு எப்படி இருந்துச்சு?"

"தொய்ஞ்சு கிடந்துச்சு."

"அப்ப நான் உங்களை இழுக்கவே இல்லை அண்ணா. இந்த மோட்டாரும் கொஞ்சம் பின்தங்கினாத்தான் காந்தம் அதை இழுக்கும்."

அங்கப்பன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கயிறு ஓடிய தடம் இன்னும் சிவந்திருந்தது.