முதல் பெயர்

சமூகவியல் துறைத் தலைவர் தணிகாசலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. துறையில் யார் ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தாலும் முதல் ஆய்வாளராக அவர் பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்து விழாது. இருந்தால் படிக்காமலே விழும்.

நாலு வருடமாகக் கால் வெடிக்க உப்பளத் தொழிலாளர்களோடு திரிந்த பூங்கோதையிடமும் அதையே சொன்னார். "எம் பேரு மேல, உம் பேரு கீழ."

"சரிங்க சார்," என்றாள். மறுநாள் அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள். அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார்.

நேர்காணலுக்கு இருவரும் போனார்கள். நிதிக்குழுத் தலைவர் எழுந்து வந்து தணிகாசலத்தின் கையைக் குலுக்கினார். "முதல் ஆய்வாளர் சித்திரை, வைகாசி ரெண்டு மாசமும் உப்பளத்துலயே தங்கி, தினமும் பாத்தியில இறங்கி உப்பு வாருவார்னு எழுதியிருக்கீங்க. இந்த வயசுல பெரிய விஷயம் சார். எப்பக் கிளம்புறீங்க?"

தணிகாசலம் பூங்கோதையைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"எனக்கு முட்டி வலிங்க," என்றார் கடைசியில். "உண்மையச் சொன்னா இந்த ஆய்வு முழுக்க இந்தப் பொண்ணோடது. எம் பேரை எடுத்துடுங்க."

அதையே தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதத்தைப் பூங்கோதை பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"இதையாவது படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."