கையில் கொடுக்காத கத்தி

அந்தக் காலத்தில் காக்கைக்கும் பேச்சு வரும், பல்லிக்கும் பேச்சு வரும். சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் என்பதால், ஊரில் ஒரு வழக்கு வந்தால் முதலில் பல்லியைத்தான் விசாரிப்பார்கள்.

அப்போது நத்தமேட்டில் ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். அண்ணனைக் கட்டியவள் சடச்சி. தம்பி வேலப்பனைக் கட்டியவள் பூவாயி. இருவருக்கும் அடுப்பு ஒன்றுதான். நல்ல கத்தியும் ஒன்றுதான்.

அந்தக் கத்தி சடச்சி தேடிப் பிடித்தது. கொல்லன் பட்டறையில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து, குவித்துப் போட்டிருந்த கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டாள். பெரும்பாலானவை தட்டையாகச் சத்தம் போட்டு அடங்கின. ஒன்று மட்டும் மணி மாதிரி நீளமாக ஒலித்தது. பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தாள். கையில் வைத்து எடை பார்த்தாள். கொண்டுபோயிருந்த வாழைத்தண்டை அறுத்துப் பார்த்தாள். வில்லை சீராக விழுந்தது. "இது போதும்" என்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

வாங்கிவந்த நாளிலிருந்து அதை யாரும் தன்னைப் போலப் பார்த்துக்கொள்வதில்லை என்பது அவளுடைய குறை. காய் அரிந்து முடித்த கையோடு கழுவுவாள். ஈரம் போகத் துடைப்பாள். மழைக்காலத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவித்தான் மாடத்தில் வைப்பாள். மூன்று நாளைக்கு ஒருமுறை கல்லில் தண்ணீர் தெளித்து, ஒரே சாய்வில் பிடித்துத் தீட்டுவாள்.

பூவாயிக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது. வேலை ஆனால் சரி என்று நினைப்பவள். புளி கரைத்த சட்டியிலேயே கத்தியைப் போட்டுவிட்டுப் போவாள். எடுக்கும்போது அலகெல்லாம் கறுத்திருக்கும். சடச்சி வாயைத் திறக்காமல் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காதோ என்னவோ.

கோயில் கொடை விழாவுக்கு நான்கு நாள் இருந்தது. பூவாயி தேங்காய் உடைக்க அரிவாளைத் தேடினாள். கிடைக்கவில்லை. கத்தியை எடுத்து அதன் கூர்ப் பக்கத்தாலேயே ஓங்கி அடித்தாள். தேங்காய் உடைந்தது. கத்தியின் வாயிலும் நெல்மணி அளவுக்கு ஒரு பல் விழுந்தது.

சடச்சி அதைப் பார்த்தாள். விரலால் தடவினாள். பூவாயி எதிரில்தான் நின்றாள். "தெரியாம பண்ணிட்டேன்" என்று சொல்லுவாள் எனச் சடச்சி எதிர்பார்த்தாள். பூவாயி தேங்காயைத் துருவத் தொடங்கினாள்.

மூன்று நாள் சடச்சி கல்லடியில் உட்கார்ந்து தேய்த்தாள். பல் விழுந்த இடம் மட்டும் தேய்ந்தால் போதாது. அலகு முழுக்க அந்த ஆழத்துக்குத் தேய வேண்டும். தோள் கடுத்தது. அந்த மூன்று நாளும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் கத்தி முன்னைவிடக் கூராக இருந்தது.

அன்று கொடை. உச்சிவேளைக்குள் அறுபது பேருக்குச் சோறும் குழம்பும் இறங்க வேண்டும். உலை கொதித்துக்கொண்டிருந்தது. சடச்சி சேனைக்கிழங்கை அரிந்துகொண்டிருந்தாள். பூவாயி பூசணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வாசலில் ஆட்கள் வந்து இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார்கள்.

"கத்தியக் குடுக்கா, நேரமாச்சு," என்றாள் பூவாயி, அடுப்பைப் பார்த்தபடி.

நான்கு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. சடச்சிக்கு உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்றது. கத்தியைப் பிடியோடு பிடித்தபடி அப்படியே நீட்டினாள். கூர்ப் பக்கம் பூவாயியை நோக்கி இருந்தது. பூவாயி திரும்பாமல் கையை நீட்டி, வெடுக்கென்று பற்றி இழுத்தாள்.

சத்தமே வரவில்லை. பூவாயி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகுதான் ரத்தம் வந்தது. பூசணியின் மேலும் தரையிலும் கொட்டியது. சடச்சி தன் முந்தானையைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றினாள். துணி நனைந்துகொண்டே இருந்தது.

வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டினார். உயிருக்குப் பயமில்லை என்றார். வலக்கையின் மூன்று விரல்கள் இனி மடங்காது என்றும் சொன்னார்.

மறுநாள் காலை ஊர் கூடியது. வேலப்பன் ஊர்த்தலைவர் ஆண்டியப்பன் முன்னால் வந்து நின்றான்.

"மூணு நாளா இவங்க என் பொண்டாட்டிகிட்டப் பேசல. நாலாம் நாளு அவ கை போச்சு. இது தவறி நடந்ததுன்னு நான் எப்படி நம்புறது?"

வேண்டுமென்றே ஒருவர் கையைக் கெடுத்தவருக்கு நத்தமேட்டில் இடமில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் ஊரிலேயே இருந்துவிடும். சடச்சிக்கு இரண்டு பெண்பிள்ளைகள். இருவரும் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சடச்சி அவர்கள் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

சமையல்கட்டுச் சுவரிலிருந்து பல்லியை ஒரு முறத்தில் ஏந்திக் கொண்டுவந்தார்கள்.

"நீ என்ன பார்த்த?" என்று ஆண்டியப்பன் கேட்டார்.

பல்லி தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது.

"சின்னவ கேட்டா. பெரியவ நீட்டினா. கூரு முன்னால இருந்துச்சு. சின்னவ பார்க்காமப் பிடிச்சு இழுத்தா," என்றது பல்லி.

"வேணும்னே நீட்டினாளா?"

"கையப் பார்த்தேன். மனசு எனக்குத் தெரியாது."

எல்லாரும் சடச்சியைப் பார்த்தார்கள். அவளுடைய கணவன் அருகில் வந்து, "சேனைப்பாலு கையில இருந்துச்சு, வழுக்கிருச்சுன்னு சொல்லு. நம்புவாங்க," என்று காதோடு சொன்னான்.

நம்பத்தான் செய்வார்கள். பல்லியால் மறுக்க முடியாது. பூவாயியாலும் முடியாது, அவள் பார்க்கவே இல்லை. சடச்சி வாயைத் திறந்தாள். அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பூவாயி தன்னையே பார்ப்பதைக் கண்டாள்.

"வழுக்கல," என்றாள் சடச்சி. "கூரு அவ பக்கம் இருக்கிறது எனக்குத் தெரியும். திருப்பிக் குடுத்திருக்கலாம். நான் திருப்பல."

கூட்டம் சலசலத்தது. அவள் நிறுத்தவில்லை.

"கை அறுபடணும்னு நெனைக்கல. அவ பதறணும்னு நெனைச்சேன். என் கத்தி எப்படிப்பட்டதுன்னு அவளுக்குத் தெரியணும்னு நெனைச்சேன். அவ்வளவுதான் நெனைச்சேன். ஆனா நெனைச்சேன்."

ஆண்டியப்பன் பூவாயியிடம் திரும்பினார்.

"போனது உன் கை. நீயே சொல்லு. இவள என்ன செய்யலாம்?"

பூவாயி எழுந்து நிற்க முயன்றாள். வலக்கையை ஊன்ற முடியாமல் தடுமாறி, இடக்கையால் எழுந்தாள்.

"தேங்காய கத்தியால ஒடைச்சது நாந்தான். அக்கா மூணு நாளு கல்லுல கெடந்து தேய்ச்சாங்க. வாசல்ல நின்னு பார்த்தேன். தப்புன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரல." அவள் மூச்சு வாங்கினாள். "அவங்களை அனுப்ப வேண்டாம். அந்தப் பிள்ளைங்க தாயில்லாம நிக்க வேண்டாம். ஆனா மன்னிச்சுட்டியான்னு என்னை யாரும் கேக்காதீங்க. அது இன்னும் வரல."

அப்படியே முடிவானது. இருவரும் ஒரே வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்.

கட்டு அவிழ ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை சடச்சிதான் அரிந்தாள், சமைத்தாள். பூவாயி அடுப்புக்கு விறகு தள்ளினாள். பேச்சு தேவைக்கு மட்டும் நடந்தது. பிறகு ஒருநாள் காலை பூவாயி ஒரு கூடைப் புடலங்காயை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இடது கையால பழகிப் பார்க்குறேன். கத்தி வேணும்," என்றாள்.

சடச்சி கத்தியைக் கழுவினாள். துடைத்தாள். கூர்ப் பக்கத்தைத் தன்னை நோக்கித் திருப்பி, பிடியைப் பூவாயியிடம் நீட்டினாள்.

பூவாயியின் கை முன்னால் வரவில்லை. பிடியைத்தான் பார்க்கிறாள், அது பிடி என்றும் தெரிகிறது. ஆனால் கை மடியைவிட்டு எழ மறுத்தது. நெற்றி வேர்த்துவிட்டது. அவள் தன் கையையே வெறித்துப் பார்த்தாள்.

சடச்சி நீட்டிய கத்தியோடு நின்றாள். மெல்லக் குனிந்து, பூவாயிக்கு எட்டுகிற தூரத்தில், பிடி அவள் பக்கம் இருக்கும்படி கத்தியைத் தரையில் வைத்தாள். கையை எடுத்துக்கொண்டாள். இரண்டு எட்டுப் பின்னால் போய், சுவரோடு சுவராக நின்றாள்.

உலை இரண்டு முறை பொங்கி அடங்கியது. பூவாயி இடக்கையை நீட்டி, தரையில் கிடந்த கத்தியைத் தானே எடுத்தாள். முதல் புடலங்காயை வைத்து அரிந்தாள். வில்லை கோணலாக விழுந்தது.

"அக்கா," என்றாள் நிமிராமல். "உப்புப் பானைய இந்தப் பக்கம் நகத்தி வை. எனக்கு எட்டல."

சடச்சி நகர்த்தி வைத்தாள்.

அந்த வீட்டில் அதன்பின் யாரும் கத்தியைக் கையில் கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்தார்கள், அவர்களும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள். யாராவது கத்தி கேட்டால் கீழே வைத்துவிட்டு, கேட்டவர் தாமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று நாம் கையை விலக்கிக்கொள்வது அந்தப் புடலங்காய் அரிந்த காலையிலிருந்துதான்.