ஏர் பிடித்த கையின் விருந்து

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், சாப்பாட்டில் பெரும் பிரியமுள்ள ஓர் அரசர் இருந்தார். பசித்தால் கோபமும் வயிறு நிறைந்தால் தாராளமும் அவருக்குத் தானாக வந்துவிடும். அவர் சபையில் தொந்தியப்பன் என்றொரு விகடகவி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான்.

சித்திரையில், ஆண்டின் முதல் உழவாக நல்லேர் பூட்டும் நாள். அரசர் பொன் பூசிய ஏரைப் பிடித்து ஒரே ஒரு உழவுச் சால் ஓட்டினார். வியர்த்தது. கூடவே தானொரு பெரிய விவசாயி என்ற நினைப்பும் வந்துவிட்டது.

"ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தையெல்லாம் பயிர் செய்பவர்களுக்கே கொடுக்கப் போகிறேன். விதையும் உழவு மாடும் அரண்மனை தரும்" என்று அங்கேயே நின்று அறிவித்தார்.

நல்ல காரியம்தான். ஆனால் பொறுப்பு நில அதிகாரி வரகுணரிடம் போயிற்று. அவருக்கு நிலமில்லாத மைத்துனர்கள் ஏகப்பட்ட பேர். "ஏர் பிடித்த கைதான் பயிர் செய்யும் கை. மற்றவர்க்கு நிலமில்லை" என்று ஒரு விதியைப் போட்டார். மைத்துனர்கள் ஆளுக்கொரு பொழுது ஏரைப் பிடித்துப் பார்த்துவிட்டு விவசாயிகள் ஆகிவிட்டார்கள்.

அந்த நாட்டு வழக்கப்படி பெண்கள் ஏரைத் தொடக் கூடாது. ஆகவே, கணவன் இறந்த பிறகு ஏரிக்குக் கீழே தனியாளாகப் பயிர் செய்துவந்த மாரக்காளின் வயல் பறிபோகும்படி ஆயிற்று. வேற்று நாட்டிலிருந்து வந்து கரட்டு மேட்டில் குடியேறியவர்களுக்கு மாடு கிடையாது. மண்வெட்டியால் கொத்தியே துவரை விளைவித்தார்கள். அவர்களுக்கும் ஒன்றுமில்லை.

மாரக்காள் தொந்தியப்பன் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"சாமி, பக்கத்து வயக்காரரு எனக்கு உழுது குடுப்பாருங்க. பதிலுக்கு அவரு வயல்ல நான் நடவு நட்டுக் குடுப்பேன். மத்ததெல்லாம் நான்தானுங்க. இப்ப வரப்புல கால் வைக்காதேன்னா நான் எங்க போறது?"

சிரிக்க வைத்தே பிழைப்பவனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. மறுநாள் சபையில் அவளுக்காகப் பேசினான்.

"விகடகவிக்கு விவசாயம் என்ன தெரியும்?" என்றார் வரகுணர். அரசர் இவனிடம் சிரித்துப் பேசுவது அவருக்கு எப்போதுமே பொறுக்காது.

அரசருக்கோ பசி வேளை. "வாக்குவாதம் வேண்டாம். நிலம் வழங்கும் நாளில், ஏர் பிடித்த கைகள் தருவதை உண்ண ஆசைப்படுகிறோம். வேறு கை பட்ட எதுவும் இலையில் இருக்கக் கூடாது."

வரகுணர் உடனே வலையை விரித்தார். "அரசே, விருந்துக்குத் தொந்தியப்பனே பொறுப்பேற்கட்டும். வேறு கை பட்ட ஒரு பருக்கை இருந்தாலும் சபையை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்று தொந்தியப்பன் குனிந்து வணங்கினான்.

ஆடியில் அந்த நாள் வந்தது. நிலம் பெறுபவர்களும் பெறாதவர்களும் கூடியிருந்தார்கள். அரசர் விருந்தை நினைத்துக் காலை உணவையே விட்டிருந்தார். தொந்தியப்பன் தலைவாழை இலையைப் போட்டு, மூடிய பாத்திரங்களைத் திறந்து, பக்குவமாகப் பரிமாறினான். இலை நடுவில் குழைந்த சேறு. ஓரத்தில் காய்ந்த மண்கட்டிகள். தொன்னையில் கலங்கல் தண்ணீர்.

அரசரின் முகம் சிவந்தது. "என்ன இது?"

"இது நேற்று உழுத சேறு, அரசே. அது கோடை உழவில் புரண்ட கட்டி. தொன்னையில் உழுத வயலின் தண்ணீர். ஏர் பிடித்த கை மட்டும் பட்டதை நாடெங்கும் தேடினேன். இவ்வளவுதான் அகப்பட்டது."

"சோறு எங்கே?"

"சமைத்தேன். நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, குத்திப் புடைத்தது பெண்கள் கை. வேறு கை ஆயிற்றே என்று எடுத்துவிட்டேன். பருப்பு கரட்டு மேட்டாரின் மண்வெட்டி தந்தது. அதையும் எடுத்துவிட்டேன்."

"ஏர் ஓட்டாமல் நெல் விளையுமா?" என்று வரகுணர் சீறினார்.

"விளையாது. அதனால்தான் சேற்றை நடு இலையில் வைத்தேன்" என்ற தொந்தியப்பன், மடியிலிருந்து ஒரு பிடி கோரைக் களையை எடுத்து மரியாதையோடு இலையில் வைத்தான். "அரசர் தம் கையால் ஓட்டிய சாலின் விளைச்சல். அதற்குப் பிறகு வேறு கை எதுவும் அதில் படவில்லை. கூட்டு வைக்க ஆகுமா என்று தெரியவில்லை."

அரசர் கோரையைப் பார்த்தார். தம் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மகுடம் நழுவும் அளவுக்குச் சிரித்தார்.

"வரகுணரே, உமது விதியைத் தின்றால் பல்தான் போகும். இலையை நிறைக்கும் கைகள் எல்லாம் பயிர் செய்யும் கைகளே. மாரக்காளின் வயல் அவள் பெயரிலேயே இருக்கட்டும், விதையோடும் மாட்டோடும். கரட்டு மேட்டாருக்கும் ஏரிக்குக் கீழே பங்கு உண்டு. உம் மைத்துனர்கள் முதலில் அந்தச் சாலில் கோரை பிடுங்கட்டும்."

தம் கைக் காப்பைக் கழற்றித் தொந்தியப்பனுக்குப் போட்டார். முழங்கை வரை ஏறியும் அது நிற்கவில்லை.

"சரி, இப்போது யாம் என்ன உண்பது?" என்றார் அரசர், குரல் இறங்கி.

வயலுக்குக் கொண்டுபோக வைத்திருந்த கஞ்சிக் கலயத்தையும் ஒரு வெங்காயத்தையும் மாரக்காள் தயங்கியபடி நீட்டினாள். அரசர் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அதற்குள் அவள் முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"நாத்து முத்திப் போகுதுங்க சாமி. நான் என் வயலுக்குப் போறேன்."

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். அரசர் கையிலிருந்த காலிக் கலயத்தைப் பார்த்தார். மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

"வரகுணரே, இதைக் கழுவி, அவள் வயலிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாரும். வழி தெரியுமல்லவா?"