டாக்டர் எத்திராஜுலுவுக்குத் தெரியாத ஒன்று

நோயாளியைத் தொடுபவர் செவிலியர். செவிலியருக்குக் கற்பிப்பவர் பயிற்றுநர். அந்தப் பயிற்றுநருக்கே கற்பிப்பவர் டாக்டர் எத்திராஜுலு. ஆகையால் அவர் நோயாளியைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

செவிலியர்களைப் பயிற்றுநர்களாக்கும் முகாமின் கடைசி நாளில் அவர் ஒரு தேர்வு வைத்தார்.

"எனக்குத் தெரியாத ஒண்ணை எனக்கே யார் சொல்லிக்கொடுக்கிறாங்களோ, அவங்களுக்குத்தான் சான்றிதழ்."

சான்றிதழ் இல்லாவிட்டால் பதவி உயர்வு கிடையாது. முப்பது பேர் எழுந்து பாடம் நடத்தினார்கள். முப்பது பேருக்கும், "தெரியும், உட்காரும்மா" என்பதே பதில்.

கடைசியாக, மலையடிவாரச் சுகாதார நிலையத்துச் செவிலியர் பேச்சியம்மாள் மேசைமேல் போர்த்தியிருந்த செயற்கை மூச்சுப் பயிற்சிப் பொம்மையின் அருகே போனார். மூன்று நாளும் அதை யாரையும் தொடவிடாமல், தூரத்தில் நின்று குச்சியால் காட்டியே டாக்டர் வகுப்பை முடித்திருந்தார்.

"சார், இதோட வாயில ஊதினா நெஞ்சு உயரும்."

"எனக்கேவா? இதே பொம்மைக்கு ஆயிரம் தடவை ஊதியிருக்கேன். உட்காரும்மா."

பேச்சியம்மாள் போர்வையை விலக்கினார். கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள், பொம்மையின் வாயை இன்னும் இறுக்கமாக மூடியிருந்தது.

"ஊதுறதுக்கு முன்னாடி இதைக் கிழிக்கணும் சார். இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரிந்தும் கிழிக்காதவர் ஏமாற்றுக்காரர்; தெரியாதவர் சான்றிதழ் தர வேண்டியவர். டாக்டர் விட்டத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார், நாங்க குறிப்பு எடுக்கணும்" என்றது பின்வரிசை.

"தெரியாது" என்றார் டாக்டர், மெல்ல.

"பரவாயில்லை சார், அதுக்குத்தானே பயிற்சி" என்று சொல்லி, பேச்சியம்மாள் கையெழுத்துக்குச் சான்றிதழை நீட்டினார்.