இருட்டில் கொதித்த பெட்டி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் தெரு ஜெபக்குழுவான அன்பியத்து ஞானசவுந்தரி அக்கா. போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். தேடியதை விட்டுவிட்டு அப்படியே நின்று கேட்டேன். சொல்லும்போது அக்காவுக்கு மூச்சு வாங்கியது, அவ்வளவு சந்தோஷம். எனக்கும் அப்படித்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது கடற்கரை ஊர். உயிர்ப்பு ஞாயிறு கழிந்ததும் அங்கே பாஸ்கா நாடகம் போடுவார்கள், ஆண்டவருடைய பாடுகளைக் காட்டுகிற நாடகம். மேடைக்குப் பின்னால் பெரிய எல்இடி திரை நிற்கும். அதில் கடல் அலையடிக்கும், புயல் வரும், மேகம் ஓடும். எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் அந்தந்த நொடியில் வரைந்து கொடுக்கும்.

அந்தக் கம்ப்யூட்டர் செவமாலை அண்ணனுடைய பொறுப்பு. ஐம்பதைத் தாண்டியவர், மைக்செட் வாடகைக்கு விட்டவர். அவர் மனைவி அலங்காரம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மாதாவிடம் ஒரு நேர்ச்சை வைத்தார். இவள் எழுந்து நடந்தால், நான் இருக்கும்வரைக்கும் பாஸ்காவுக்குக் கடலும் வானமும் என் கையால் வைப்பேன் என்று. அலங்காரம் எழுந்தாள். கோயில்வரைக்கும் நடந்தாள். அண்ணன் கம்ப்யூட்டர் படிக்கப் போனார்.

சொல்லிக்கொடுத்தது பிலோமி டீச்சர். அண்ணனைவிட இருபது வயது சின்னவர். இவர் அவரை டீச்சர் என்பார், அவர் இவரை அண்ணே என்பார். குரு யார், சீடர் யார் என்று வெளியாளுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும்.

முதல் வருஷம் எல்லாம் நன்றாகப் போனது, கல்லறைக் காட்சி வரைக்கும். ஆண்டவரை அடக்கம் செய்ததும் திரை கருப்பாகிவிடும், மேடையும் இருட்டு. பாடகர் குழு நீளமாக ஒரு பாட்டுப் பாடும். அது முடிகிற நேரத்துக்குச் சரியாகத் திரையில் சூரியன் தானாக உதிக்க வேண்டும்.

உதிக்கவில்லை. கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் அணைந்து போயிருந்தது. ஆண்டவர் கும்மிருட்டில் உயிர்த்து வெளியே வந்து, படியில் கால் தடுக்கித் தடுமாறினார்.

"சாமி, டார்ச் வேணுமா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். ஊரே சிரித்தது.

அடுத்த வருஷமும் அணைந்தால் வெளியூர் ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று விழாக் குழுவில் சொல்லிவிட்டார்கள். அப்படி ஆனால் அண்ணனுடைய நேர்ச்சை என்ன ஆவது?

குறை கம்ப்யூட்டரை அடைத்திருந்த பெட்டியில்தான் என்று அண்ணன் நினைத்தார். உப்புக் காற்றும் மணலும் படாமல் மேடைப் படிக்கு அடியில் ஒரு பொந்தில் வைக்க வேண்டியது அது, அதனால் மிகச் சின்னது. படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டோ செங்கல் பருமன். கார்டுக்கும் பெட்டியின் தகட்டுக்கும் நடுவே விரல் நுழையாது. அண்ணன் ஒரு ஃபேன் மாட்டினார். இன்னொன்று மாட்டினார். வயர்களை ஒதுக்கிக் கட்டினார், தூசியைத் துடைத்தார். சூடு கொஞ்சம் குறைந்தது. ஆனால் மறுவருஷம் நாடகத்தன்று மத்தியானம் ஒத்திகையில், கல்லறை இருட்டில், திரும்பவும் அணைந்தது.

பிலோமி டீச்சர் ஓடி வந்து பார்த்தால், பொந்துக்குள் ஒரு தெர்மாகோல் மீன் பெட்டி. நிறைய ஐஸ். அதன்மேல் கம்ப்யூட்டர். பக்கத்தில் கையில் ட்ரில்லோடு செவமாலை அண்ணன். யூதாஸ் வேஷத்தில் காஸ்மீர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னவே செவமாலை, கார்டைக் கூறு போட்டு விக்கப் போறீரா?"

"நீரு போய் ஆளைக் காட்டிக் குடுக்குற வேலையப் பாரும்வே."

"ஐஸை எடுங்க அண்ணே" என்றார் டீச்சர். "உள்ளே வேர்த்துத் தண்ணி சொட்டினா, சூரியன் மட்டுமில்ல, கடலும் போயிரும்."

காஸ்மீர் மீன் பெட்டியை இழுத்து வெளியே போட்டான்.

"அப்ப தகட்டுல ஓட்டை போட்டுருதேன் டீச்சர். காத்து வரட்டும்."

"வரும். மணலும் கூடவே வரும். எப்ப அணையுது?"

"கல்லறையில."

"கடல்ல?"

"அணையாது."

"புயல்ல?"

"அதுலயும் அணையாது. அங்க ஏறுன சூடுதான் கடைசியில வந்து கொல்லுது."

"அப்படியா. ட்ரில்லைக் கீழ வச்சிட்டு, பெட்டி மேல கைய வைங்க."

டீச்சர் புயலை ஓட விட்டார். திரையில் அலை மேடை உயரத்துக்கு எழும்பியது. அண்ணன் கையை வைத்திருந்தார்.

"சுடுதா?"

"வெதுவெதுன்னு இருக்கு. தாங்கலாம்."

டீச்சர் புயலை நிறுத்தி இருட்டைப் போட்டார். திரை முழுக்கக் கருப்பு.

"இப்ப?"

"இப்ப ஆறணும். வேலைதான் ஒண்ணும் இல்லையே..." அண்ணன் முகம் மாறியது. "டீச்சர்." உள்ளங்கையை இன்னும் அழுத்தி வைத்தார். பிறகு வெடுக்கென்று கையை எடுத்தார். "ஏறுது! மாதாவே, ஏறுது டீச்சர்! இருட்டுலதான் ஏறுது!"

காஸ்மீரும் தொட்டுப் பார்த்தான். "அம்மாடி! தோசை சுடலாம்."

டீச்சர், அண்ணன் முன்னால் இருந்த சின்னத் திரையின் மூலையில், நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று காட்டுகிற எண்ணைத் திறந்து வைத்தார். புயலைப் போட்டார்.

"முப்பது" என்று படித்தார் அண்ணன். "அதுக்கு மேல போகக்கூடாதுன்னு நான் வச்ச அளவு. நீங்கதான் வைக்கச் சொன்னீய."

இருட்டைப் போட்டார்.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எண்ணின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"மூவாயிரம்... அதுக்கும் மேல ஓடுது. என்னத்தை வரையுது?"

டீச்சர் பெரிய திரையைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார்.

"கருப்பையா? ஒரே கருப்பைத் திருப்பித் திருப்பியா டீச்சர்?"

"இருட்டுக்கு அளவு வச்சீங்களா அண்ணே?"

"ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்கு டீச்சர் அள..."

காஸ்மீர் யூதாஸ் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஒண்ணுமில்லாததுக்கா வே இது இப்படிக் கிடந்து தவிக்குது!"

அண்ணன் இருட்டுக்கும் ஓர் அளவு வைத்தார். மூவாயிரம் முப்பதுக்கு விழுந்தது. ஃபேன்களின் இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. சூடு காட்டுகிற எண் இறங்க ஆரம்பித்தது. தொண்ணூறு, எண்பத்தாறு, எண்பது. அண்ணன் சின்னப் பிள்ளைபோல் ஒவ்வொன்றையும் சத்தம் போட்டுச் சொன்னார். அந்நேரம் பார்த்து அலங்காரம் தூக்குச்சட்டியோடு வந்தாள்.

"சாப்பிட வாங்க, நேரமாச்சு."

"சோறா? இங்க பாரு அலங்காரம், இறங்குது! எழுபதுக்கு வந்துட்டு!"

"எது இறங்குது?"

"சூடு! கல்லறையில!"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவர் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

பொழுது சாய்ந்தது. கடற்கரை முழுக்க ஜனம். கடல் வந்தது, புயல் வந்தது, கல்வாரி வந்தது. ஆண்டவரை இறக்கிக் கல்லறையில் வைத்தார்கள். திரை கருப்பானது.

பாட்டு ஆரம்பித்தது. படிக்கு அடியில் அண்ணன் குனிந்து உட்கார்ந்து பெட்டிமேல் கையை வைத்திருந்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். எண்ணைப் பார்த்தார். வயரைத் தொட்டார். மாதாவே, மாதாவே என்று வாய் ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்தார், தலை படியில் இடித்தது, உட்கார்ந்தார். பின்னால் டீச்சர் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பெட்டி ஜில்லுன்னு இருக்கு."

"ம்."

"பாட்டு முடிஞ்சா சூரியன் தன்னால வந்துரும்லா? நான் எதையும் அமுக்க வேண்டாம்லா?"

"வேண்டாம்."

"பின்ன எனக்கு ஏன் டீச்சர் இப்படி வேர்க்குது? சட்டை பிழிஞ்சா தண்ணி வரும்போல. இந்த இருட்டுல நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

டீச்சர் அவரைப் பார்த்தார்.

"ஆண்டவரை எழுப்புற வேலையையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்களா அண்ணே?"

அண்ணன் பெட்டிமேல் இருந்த கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, பொந்திலிருந்து வெளியே வந்தார். இருட்டில் ஆட்களை விலக்கிக்கொண்டு போய் அலங்காரத்தின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். அவள் அவர் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பாட்டின் கடைசி வரி. திரையின் அடியில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. கோடு அகன்றது. அப்புறம் சூரியன்! கடல் முழுக்கப் பொன்னாகி, முன்வரிசைப் பிள்ளைகள் முகமெல்லாம் வெளிச்சமாகி, ஆண்டவர் கல்லறையை விட்டுத் தடுக்காமல் வெளியே வந்தார். ஜனம் எழுந்து நின்று கை தட்டிய சத்தத்தில் நிஜக் கடலின் சத்தமே கேட்கவில்லையாம்.

செவமாலை அண்ணன் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் கை மடியிலேயே இருந்தது.

அலங்காரம் மதினி இன்னும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாளாம். கேட்டவர்கள் போகிற வழியில் அவளுக்காக ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லிவிட்டுப் போங்கள்.